வித்துத்தூள்

லண்டனிலிருந்து வந்திருக்கிறீர்கள்,
என் அண்ணனை எடுத்துப்போக.
அவன் மண்ணுக்குள் போய்ப் பதினேழு நாள்;
மிச்சமிருப்பது நாற்பத்தொரு தேயிலைப் பெட்டி.
உள்ளே காகித உறைகளில் உலர்ந்த காளான்கள்:
செருப்புத் தோல் போலச் சில,
செவிமடல் போலச் சில,
தும்மினால் காணாமல் போகிற சில.
சன்னலைச் சாத்திவிட்டுப் பிரியுங்கள்.

பெயர் செப்டிமஸ் காரோபி. எழுதிக்கொள்ளுங்கள்.
ஆஷ்கம் தேவாலயத்தின் உதவிக் குரு.
ஆண்டுக்கு எண்பது பவுன் சம்பளம்.
ஒரு வருடம் அதில் பதினாறு நுண்ணோக்கிக்குப் போனது,
அந்தக் குளிரில் நாங்கள் நிலக்கரி வாங்கவில்லை.

ஞாயிறு பிரசங்கம் பதினொரு நிமிடம்.
செப்டம்பர் பிறந்தால் ஏழு.
மழை விட்ட மறுநாள் பீச் மரக் காட்டில் முழங்காலில் இருப்பான்;
வழிப்போக்கர் ஜெபமென்று எண்ணித் தொப்பியைக் கழற்றுவார்கள்.
அவன் தலை நிமிராமல்
"மிதிக்காதீர்கள்" என்பான்.

வரைந்தது அவன். வண்ணம் நான்.
இருநூற்றுப் பன்னிரண்டு படம்,
ஒவ்வொன்றுக்கும் முப்பது பிரதி. பெருக்கிப் பாருங்கள்.
ஈக்கொல்லியின் சிவப்புக்கு மூன்று பூச்சு,
வெண்புள்ளிகளுக்கு இடம் விட்டு.
ஒரு காளானை மட்டும்,
அது நிமிர்ந்து நிற்கும் தினுசைக் கருதி,
பெண்கள் பார்க்கலாகாதென்று அட்டையால் மூடி வைத்திருந்தான்.
பதிப்பாளர் அவசரப்படுத்தவே அட்டையை எடுத்தான்.
நான் சிரித்துவிட்டேன்.
அவன் காதுகளில் ஏறியது நாலாவது பூச்சு.

நாற்பத்தைந்தில் உருளைக்கிழங்கு அழுகியது.
எங்கள் தோட்டத்தில் மூன்று வரிசை.
அயர்லாந்தில், அயர்லாந்து.
பத்திரிகைக்கு எழுதினான்:
இலையடியில் படரும் வெண்பூஞ்சணம்
அழுகலுக்குப் பிறந்த பிள்ளை, அதைப் பெற்றது மழை.
அழகான நடை. பிஷப்பே கடிதம் போட்டார்.
அப்போது அவனுக்கு முப்பத்திரண்டு,
தவறத் தெரியாத வயது.

மறு கோடையில் மேயோவிலிருந்து
அறுவடைக் கூலிக்கு வந்தாள் ஹானரா ஜெராட்டி.
சமையலறை வாசலில் ரொட்டிக்கு நின்றவள்
மேசைமேல் குத்தியிருந்த இலையைப் பார்த்தாள்.
கேட்காமலே திருப்பினாள்.
"இந்த வெள்ளைதான் முதலில் வரும், ஐயா.
நாற்றம் அதற்குப் பிறகு.
பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன்."
வீட்டில் எத்தனை பேர் என்றேன்.
"இப்போதா?" என்றாள்.

அன்றிரவே கண்ணாடிக் கவிகைக்குள்
பச்சை இலையொன்றை நோயிலையோடு படுக்க வைத்தான்.
நாலு நாள் அவன் மேலங்கியைக் கழற்றவில்லை.
ஐந்தாம் நாள் வெளியே வந்து
கோழிகளுக்குத் தீனி போட்டான்.
அது என் வேலை. அவனைத் தடுக்கவில்லை.

மறுப்பை எழுதி அனுப்பினான்.
ஐந்து மாதம் கழித்து வெளியிட்டார்கள்,
விதை வியாபாரி விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில்.
பிஷப்பிடமிருந்து கடிதம் இல்லை.
அதற்கப்புறம் நாற்பது வருடம்
எந்தக் கட்டுரை எழுதினாலும் கடைசி வரி,
"நான் தவறியிருக்கக்கூடும்."
எந்தப் பதிப்பாசிரியரும் அதை விட்டுவைத்ததில்லை.
பதக்கம் தந்தவர்கள் தந்த நாளில்
அவன் சளியென்று சொல்லிப் படுத்துக்கொண்டான்.

பத்தொன்பதாம் பெட்டியைச் சாய்க்காதீர்கள்.
அந்த இலை அதில்தான்.
உறையின்மேல் அவன் கையெழுத்து:
கண்டறிந்தவர், ஹானரா ஜெராட்டி.
அவள் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினாளா, தெரியாது.
விசாரித்து எழுதினோம். பதில் வரவில்லை.

என் பெயரா? ட்ருசில்லா.
படங்களின் அடியில் தேட வேண்டாம்.
"வண்ணம்: இல்லத்தார்" என்றிருக்கும்.

ஆங், அந்தக் கிண்ணம்.
போவதற்கு முந்தின இரவு
வெள்ளைத் தாளில் ஒரு குடையைக் கவிழ்த்து மூடினான்.
காலையில் பார்க்கலாம் என்றான்.
குடையைப் புழு தின்றுவிட்டது.
தாளில் படிந்த தூள் மட்டும்
வரி வரியாக, மூச்சுப் பட்டால் கலையும்படி.
என் பெட்டியிலுள்ள எல்லாவற்றையும் குழைத்துப் பார்த்தேன்.

நிறம் என்று ஒரு கட்டம் இருக்கிறதா படிவத்தில்?
பழுப்பு என்று போட்டுக்கொள்ளுங்கள்.
பழுப்பு இல்லை அது.